ஜெராக்ஸ் கடை மடிக்கணினியில் வராத வைஃபை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. நடத்துபவர் ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. ஜெராக்ஸ் போடுவது, மனு டைப் செய்வது, வருமானச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, ஹால் டிக்கெட் எடுத்துத் தருவது இவைதான் வருமானம். நெட் இல்லாவிட்டால் பாதிக் கடை மூடியதற்குச் சமம்.

கடையில் இருந்த மடிக்கணினி 2015 வாக்கில் வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். இந்த இயந்திரம் நான்காம் தலைமுறை. புதிதாக வாங்கப் பணம் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த அவருடைய அக்கா மகன், பொறியியல் மாணவர், பென்டிரைவில் வைத்திருந்த லினக்ஸ் மின்ட் 22.1 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். விண்டோஸ் முழுவதும் அழிக்கப்பட்டது. அச்சுப்பொறி வேலை செய்தது, தமிழ்99 விசைப்பலகை வந்தது, லிப்ரே ஆபிஸில் பழைய மனுக்கள் திறந்தன. பையன் சென்னை பஸ் ஏறினார்.

பிறகுதான் தெரிந்தது, வைஃபை இல்லை என்று.

அது முன்பே தெரியாமல் போனதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. நிறுவும்போதும் அப்டேட் போடும்போதும் பையன் தன் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் செய்திருந்தார், அதாவது போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுத்திருந்தார். லினக்ஸுக்கு அது கேபிள் இணைப்பு மாதிரிதான் தெரியும். தனி டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எதுவும் கேட்காது. நெட் வந்துகொண்டிருந்ததால் வைஃபை சின்னத்தை யாரும் தேடவில்லை. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி மின்ட்டில் இருக்கிறது. அப்போதே ஒரு நிமிடம் வைஃபை பட்டியலைத் திறந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

முதல் மூன்று நாள்

இந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. வரிசைப்படி சொல்வதற்காக இங்கேயே எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மோடத்தை அணைத்துப் போட்டார். மோடம் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் இருக்கிறது, நடுவில் இரண்டு சுவர். போனில் அதே வைஃபை நன்றாக வந்தது. ஆகவே குறை மோடத்தில் இல்லை என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். சரியான சோதனை, யாரும் சொல்லித் தராமல் செய்தது.

இரண்டாம் நாள் போனில் யூடியூப் வீடியோக்களைப் பார்த்து, அதில் சொன்ன கட்டளைகளை, கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். நெட்டுக்கு, பையன் சொல்லிவிட்டுப் போன டெதரிங் முறை. அந்தக் கட்டளைகளில் ஒன்று, வைஃபை சிப் செய்யும் பிராட்காம் நிறுவனத்தின் டபிள்யூஎல் டிரைவரை நிறுவுவது. நடுவில் ஒரு திரை வந்து எட்டு எழுத்துக்குக் குறையாத கடவுச்சொல் ஒன்றைக் கேட்டது. கொடுத்தார். மறுதொடக்கம் செய்ததும், நீல நிறத்தில், முழுக்க ஆங்கிலத்தில், அவர் அதுவரை பார்த்திராத ஒரு திரை வந்தது. விண்டோஸ் காலத்தில் நீலத் திரை என்றாலே கம்ப்யூட்டர் போய்விட்டது என்றுதான் அவருக்குப் பழக்கம். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி போட்டார், மறுபடி நீலத் திரை. இந்த முறை முதல் வரியில் 'கன்டினியூ பூட்' என்று இருந்ததைப் பார்த்து என்டர் தட்டினார். மின்ட் திறந்தது. அப்பாடா என்று இருந்தது என்றார். வைஃபை மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் வேறு ஒரு வீடியோ. அது வேறொரு பிராட்காம் சிப்புக்கானது. அதன்படி பி43 என்ற இன்னொரு டிரைவருக்கான ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஏற்றும் நிரலை) இறக்கினார்; 'டபிள்யூஎல்லை ஏற்றாதே' என்று கணினிக்குச் சொல்லும் தடைவரி ஒன்றையும் சேர்த்தார். அன்று மட்டும் ஆறு முறை மறுதொடக்கம்.

நான்காம் நாள் தெரிந்தவர் மூலம் எனக்கு அழைப்பு வந்தது.

போனில் பார்த்தவை

நான் லினக்ஸ் உதவி செய்வது பொழுதுபோக்காகத்தான். பெரும்பாலும் போனில், வாட்ஸ்அப் படங்களை வைத்து. கடைக்கு நேரில் போகவில்லை, ஆகவே இங்கே உள்ள எல்லா அவதானிப்பும் அவர் எடுத்தனுப்பிய படங்களிலிருந்தும் வீடியோ அழைப்பிலிருந்தும் வந்தவை.

"அக்கா, இதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சு பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல தம்பி. வந்ததுல இருந்தே இப்படித்தான் இருக்கு."

நான் நம்பிக்கொண்டேன்.

முதலில் ஆர்எஃப்கில் பட்டியலை அடிக்கச் சொன்னேன். கணினியில் உள்ள ரேடியோ சாதனங்கள் எவை, அவை மென்பொருளாலோ பொத்தானாலோ அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை அது காட்டும். படத்தில் வயர்லெஸ் லேன் என்ற பெயரில் ஒரு பதிவும் இல்லை. இது முக்கியமான தடயம். 'அடைக்கப்பட்டிருக்கிறது' என்று வந்தால் பொத்தான் விவகாரம். பதிவே இல்லை என்றால், அந்த வன்பொருளைக் கையில் எடுக்க டிரைவர் எதுவும் முன்வரவில்லை என்று பொருள். விமானப் பொத்தானை இனித் தட்ட வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

அடுத்து எல்எஸ்பிசிஐ. பிசிஐ இணைப்பில் உள்ள சாதனங்களின் பெயரையும், அவற்றின் அடையாள எண்களையும், எந்த டிரைவர் அதை வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டும்படி அடிக்கச் சொன்னேன். நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில் பிராட்காம் பிசிஎம்43142 என்றும், அடைப்பில் 14இ4:4365 என்றும் இருந்தது. முன் பாதி நிறுவனத்தின் எண், பின் பாதி சிப்பின் எண். சிப்பை அடையாளம் காண மடிக்கணினியின் மாடல் பெயரைவிட இந்த எண்தான் நம்பகம். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகை வைஃபை அட்டைகள் போட்டு விற்பது சகஜம். கீழே, 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்' என்ற வரி இல்லை. பொருந்தக்கூடிய டிரைவர் மாட்யூல்களாக பிசிஎம்ஏ, டபிள்யூஎல் என்ற இரண்டு பெயர்கள் மட்டும்.

இந்த சிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் சில சிப்புகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது. அது பின்னர் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. ஆனால் 43142 அந்த வரிசையில் வரவில்லை. இதற்கு நடைமுறையில் உதவுவது டபிள்யூஎல் என்ற டிரைவர் மட்டுமே. அதன் மையப் பகுதி மூடியது. சுற்றியுள்ள பகுதிதான் மூலநிரலாக வரும். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அது ஒத்துப்போவது, மின்ட்டுக்கு அடிப்படையான உபுன்டு, டெபியன் ஆகியவற்றின் பராமரிப்பாளர்கள் போடும் ஒட்டுகளால்தான். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு, கர்னல் மாறும்போதெல்லாம் இந்த டிரைவரை அந்தந்தக் கணினியிலேயே புதிதாகக் கட்டிக்கொள்ளும். பத்து வருடப் பழைய துணிக்கு வருடம் ஒருமுறை ஒட்டுப்போட்டு உடுத்துவது போலத்தான்.

நான் தவறிய இடம்

"டிரைவர் இல்லை, போட்டால் வந்துவிடும்" என்று தீர்மானித்து, டெதரிங்கைப் போடச் சொல்லி, டபிள்யூஎல் பொதியை நிறுவும் கட்டளையைச் சொன்னேன். புதிய பதிப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது.

இங்கே நான் நின்றிருக்க வேண்டும். ஒன்றும் செய்யாத கணினியில் இந்தப் பொதி எப்படி வந்தது? மின்ட் இதைத் தானாக நிறுவிக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பையன் போட்டிருப்பார் என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு, நீக்கி மறுபடி நிறுவச் சொன்னேன். கடவுச்சொல் கேட்கும் திரை இந்த முறை வரவும் இல்லை. டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவி ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்தது. நாற்பது நிமிடம் போனது. அதற்குள் கடையில் நான்கு பேர் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவர் நடு நடுவே எழுந்து போய் வந்தார்.

மோட்புரோப் கட்டளையால் டபிள்யூஎல்லைக் கையால் ஏற்றச் சொன்னபோதுதான் கணினி வாயைத் திறந்தது: 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. டிரைவரின் கையொப்பச் சாவியை ஏற்க மறுக்கிறேன் என்று கர்னல் சொல்கிறது. மோக்யூட்டில் என்ற கருவி வழியாகப் பார்த்தால், செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தது.

செக்யூர் பூட் இயங்கும்போது கர்னல், தான் நம்பும் சாவியால் கையொப்பமிட்ட மாட்யூல்களை மட்டுமே உள்ளே விடும். உபுன்டுவின் சொந்த டிரைவர்களுக்கு அந்தக் கையொப்பம் முன்பே உண்டு. டபிள்யூஎல்லோ இந்தக் கணினியிலேயே கட்டப்பட்டது, இந்தக் கணினியிலேயே உருவான சாவியால் கையொப்பமிடப்பட்டது. அந்தச் சாவி தன்னுடையதுதான் என்று கணினியின் உரிமையாளர், இயங்குதளம் திறக்கும் முன்பே, விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்து ஒருமுறை சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் இடம்தான் அந்த நீலத் திரை.

"அக்கா, நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்துச்சா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வந்துச்சு தம்பி. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். பையன் போட்டுக் கொடுத்ததைத் தானே கெடுத்துவிட்டோமோ என்ற பயத்தில்தான் முதலில் சொல்லவில்லையாம்.

41 வரிகள்

அதன் பிறகு டெர்மினலின் ஹிஸ்டரியை, அதாவது அதுவரை அடித்த கட்டளைகளின் பட்டியலை, எடுத்து அனுப்பச் சொன்னேன். 41 வரிகள் வந்தன. மூன்று நாளின் கதை முழுவதும் அதில் இருந்தது: சர்வீஸை நிறுத்தித் தொடங்கியது, டபிள்யூஎல்லை நிறுவியது, பி43 ஃபர்ம்வேர், தடைவரி, ஒரே கட்டளை எழுத்துப்பிழையோடு நான்கு முறை.

இரண்டு இடத்தில் அவருடைய கணினிக் கடவுச்சொல்லும் இருந்தது. கட்டளை முடிந்துபோன பிறகு, கடவுச்சொல் கேட்கிறது என்று நினைத்து அதையே கட்டளையாக அடித்திருக்கிறார். நான் கேட்டு வாங்கிய படத்தில் அது என் போனுக்கு வந்துவிட்டது. படத்தை அழித்தேன், கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். ஹிஸ்டரி கேட்பவர்கள் இதை எதிர்பார்த்தே கேட்க வேண்டும். எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

தடைவரியை நான் அந்தப் பட்டியலில் பார்த்தேன். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அதுவே வந்து நின்றது.

எடுத்த முடிவும் காரணமும்

முன்னே மூன்று வழிகள் இருந்தன.

இணையத்தில் அதிகம் சொல்லப்படுவது செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது. இங்கே அது நடக்கவில்லை. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போனால் முன்னாள் உரிமையாளர் போட்ட கடவுச்சொல் கேட்டது. பென்டிரைவிலிருந்து பூட் செய்யும் பட்டியலுக்கு அது தேவைப்படவில்லை என்பதால் பையனுக்கு இது தெரியாது. அணைக்க முடிந்திருந்தாலும் நான் தயங்கியிருப்பேன். நாள் முழுக்கக் கண்டவர் பென்டிரைவும் ஏறி இறங்கும் கணினி அது. செக்யூர் பூட் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை, ஆனால் இருப்பதை எடுத்துவிடவும் மனம் வரவில்லை.

இரண்டாவது, ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள். மீடியாடெக் எம்டி7601யூ சிப் உள்ளதற்கு டிரைவர் 2015-இல் வந்த 4.2 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. மாட்டினால் வேலை செய்யும். ஆனால் கடையில் கிடைக்கும் டாங்கிளின் அட்டைப்பெட்டியில் உள்ளே என்ன சிப் என்று போட்டிருப்பதில்லை. ஒரே பெயரில் அடுத்த லாட் வேறு சிப்போடு வரும். போனில் வழிகாட்டி அவரை வாங்க வைத்து, அதுவும் வேலை செய்யாமல் போனால் அடுத்த முறை அவர் என்னை அழைக்க மாட்டார். லினக்ஸும் வேண்டாம் என்று போய்விடுவார்.

மூன்றாவது, சாவியைப் பதிவது. பயாஸ் கடவுச்சொல் தேவையில்லை. பூட் ஆகும் வழியில் உள்ள ஷிம் என்ற சிறு நிரல்தான் அந்த நீலத் திரையைக் காட்டுகிறது, பயாஸ் அமைப்பைத் தொடுவதில்லை. செலவு இல்லை. டிரைவர் ஏற்கெனவே சரியாகக் கட்டப்பட்டு உள்ளே இருக்கிறது. இதையே எடுத்தோம்.

கேபிள் இழுப்பதையும் பேசினோம். வாடகைக் கட்டடம், இரண்டு சுவரைத் துளைக்க வேண்டும், உரிமையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நீலத் திரை, இரண்டாம் முறை

மாலை கடை ஓய்ந்த பிறகு வீடியோ அழைப்பில் செய்தோம். மறுதொடக்கத்துக்கு முன் என்ன வரும் என்பதை ஒவ்வொரு திரையாக அவரைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். கணினி அணைந்திருக்கும்போது அதில் படிக்க முடியாது, தாள்தான் கை கொடுக்கும்.

சாவியைப் பதியக் கோரும் கட்டளையை அடித்ததும் ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல் கேட்டது. எட்டு இலக்கம், வெறும் எண்கள் மட்டும் என்றேன். நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே எடுத்துக்கொள்ளும். எழுத்தும் குறியும் கலந்தால் வேறு அமைப்பில் பழகியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

மறுதொடக்கம். ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று பத்து வினாடி எண்ணும். அதைத் தவறவிட்டால் நேராக மின்ட்டுக்குப் போய்விடும். கோரிக்கையை மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும். அவர் விரலை விசையின் மேல் வைத்தே உட்கார்ந்திருந்தார். பட்டியலில் இரண்டாவது வரி 'என்ரோல் மோக்'. அதில் என்டர். 'கன்டினியூ'. பதியட்டுமா என்று கேட்டதற்கு 'யெஸ்'. எட்டு இலக்கம். 'ரீபூட்'. மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

மின்ட் திறந்தது. வைஃபை வரவில்லை.

நான் மோட்புரோப்பால் டபிள்யூஎல்லை மறுபடி கையால் ஏற்றச் சொன்னேன். இந்த முறை மறுப்பு இல்லை. நான்கைந்து வினாடியில் கீழ்மூலையில் வைஃபை சின்னம், பட்டியலில் அக்கம்பக்கத்துப் பெயர்கள், நடுவில் அவருடையது. கடவுச்சொல் போட்டு இணைத்தார். முதலில் திறந்தது வங்கித் தளமோ யூடியூபோ இல்லை. நிலுவையில் கிடந்த ஒரு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம்.

வேலை முடிந்தது என்று நினைத்து அழைப்பை முடித்தேன்.

மறுநாள் காலை

ஒன்பது மணிக்குக் குரல் செய்தி: "தம்பி, திரும்பவும் காணோம்."

கையால் ஏற்றினால் வருகிறது, தானாக வருவதில்லை என்றால் அது ஏறக்குறைய எப்போதும் தடைவரிதான். 'பிளாக்லிஸ்ட்' என்ற அந்த வரி, சாதனத்தைப் பார்த்துத் தானாக டிரைவரை ஏற்றுவதை மட்டுமே தடுக்கும். பெயர் சொல்லி மோட்புரோப் செய்தால் தடுக்காது. முந்தைய மாலை சாவி பதிந்த பிறகும் வைஃபை தானாக வராதபோதே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 41 வரிகளில் அந்த வரியை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

மோட்புரோப் அமைப்புக் கோப்புறையில் தேடினோம். பிளாக்லிஸ்ட் கோப்பின் கடைசி வரியாக 'பிளாக்லிஸ்ட் டபிள்யூஎல்' உட்கார்ந்திருந்தது. அதே கோப்புறையில் பிராட்காம் பொதி தானே வைத்த இன்னொரு கோப்பும் உண்டு. பி43, பிசிஎம்ஏ போன்ற போட்டி டிரைவர்களைத் தள்ளி வைப்பதற்காக. அதைத் தொடக் கூடாது. ஆக அந்தக் கணினியில் ஒரு கோப்பு பி43 வகையறாவைத் தடுத்தது, இன்னொன்று டபிள்யூஎல்லைத் தடுத்தது. சிப்பைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. நான் பார்த்த முதல் நாள் எல்எஸ்பிசிஐயில் 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்' வரி காணாமல் போனதற்கு, சாவி மறுப்போடு இதுவும் காரணம்.

அந்த ஒரு வரியை அழித்தோம், பி43 ஃபர்ம்வேர் பொதியை நீக்கினோம், இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தோம். பூட் நேரக் கோப்பில் பழைய தடைவரியின் நகல் இருந்தால் அதுவும் போக வேண்டும் என்பதற்காக. பிறகு அணைத்துப் போட்டோம். வைஃபை தானாக வந்தது. மறுபடி அணைத்துப் போட்டோம். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அவரே போட்டுப் பார்த்தார்.

பிறகு எழுந்த இரண்டு குறைகள்

மோடம் இரண்டு பெயர்களில் வைஃபை தருகிறது. ஒன்றின் பின்னால் 5ஜி என்று இருக்கும். "போன்ல ரெண்டும் வருது, இதுல ஒண்ணுதான் வருது" என்றார். லினக்ஸின் குறை இல்லை. இந்த சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். விண்டோஸிலும் அப்படித்தான் இருந்திருக்கும், அவர் கவனித்ததில்லை. மோடம் பெயரில் உள்ள 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது, செல்போன் 5ஜிக்கும் அதற்கும் உறவில்லை. இதை விளக்கத்தான் வைஃபையைச் சரிசெய்ததைவிட அதிக நேரம் ஆனது.

இன்னொன்று, சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்தால் முதல் தடவை தாமதமாக வருவது. நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை மின்சேமிப்பு மதிப்பு 3 என்று இருந்ததை 2 ஆக்கி அணைத்தோம். தாமதம் குறைந்தது. ஆனால் அதே நாள் மோடத்தை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். எது காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரே நாளில் இரண்டை மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வில் சிப் ஒரு குறை. ஆனால் அது முதல் நாளே அரை மணியில் தீர்ந்திருக்கக்கூடிய குறை. மீதி எல்லாம் அதன்மேல் அடுக்கப்பட்டவை. அதில் என் பங்கும் உண்டு: ஹிஸ்டரியைக் கடைசியில் கேட்டது, 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற பதிலைக் கடந்துபோனது, மறுதொடக்கம் செய்து பார்க்காமல் முடித்துக்கொண்டது.

இப்போது யார் அழைத்தாலும், எதையும் நிறுவச் சொல்லும் முன் மூன்றைக் கேட்கிறேன்: சிப்பின் எண், செக்யூர் பூட் நிலை, டெர்மினல் ஹிஸ்டரி. ஹிஸ்டரியைக் கேட்கும்போது, கடவுச்சொல் போல் ஏதாவது இருந்தால் விரலால் மறைத்துப் படம் எடுங்கள் என்று சேர்த்துச் சொல்கிறேன். "ஏதாவது செஞ்சீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அது குற்றம் விசாரிப்பது போல் காதில் விழுகிறது. "எந்த வீடியோ பார்த்தீங்க?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.

பிறருக்கு மின்ட் போட்டுக் கொடுக்கும் இளைஞர்களிடமும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை, ஒலி, அச்சு மூன்றையும் பார்த்துவிடுங்கள், டெதரிங் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு. மேலும், சாவி பதியும் நீலத் திரை வரக்கூடிய இயந்திரம் என்றால் அதை நீங்களே கடந்துவிட்டு ஊருக்குப் புறப்படுங்கள். சில வருடங்களுக்கு முன் தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் வந்தது. இந்தக் கடைக்காரரின் மகளிடம் அப்படி ஒன்று இருந்தது. "அதுல போட்டா இப்படியெல்லாம் கேக்கல" என்று அவர் சொன்னது நியாயம்தான். அங்கே கணினியும் இயங்குதளமும் ஒன்றாகவே வந்தன. இங்கே இரண்டுக்கும் அறிமுகம் செய்து வைக்கும் வேலை நம் தலையில்.

டெபியன் தன் 12-ஆம் பதிப்பிலிருந்து, 2023 ஜூனில், மூடிய ஃபர்ம்வேர்களை அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்க்கத் தொடங்கியதால் இன்டெல், ரியல்டெக் அட்டைகள் பலவற்றில் இந்த அல்லல் இல்லை. இந்த பிராட்காம் சிப்பின் சிக்கல் ஃபர்ம்வேரில் இல்லை, டிரைவரில் இருக்கிறது. ஆகவே அந்த மாற்றம் இதற்கு உதவாது. பழைய மடிக்கணினி வாங்கி லினக்ஸ் போட நினைப்பவர்கள் வாங்கும் முன்பே எல்எஸ்பிசிஐ எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போதைய நிலை

அதற்குப் பின், மின்ட்டோடு வந்த அதே 6.8 வரிசையில் இரண்டு கர்னல் புதுப்பிப்புகள் வந்தன. இரண்டு முறையும் டிகேஎம்எஸ் டபிள்யூஎல்லைத் தானாகக் கட்டி, முன்பு பதிந்த அதே சாவியால் கையொப்பமிட்டது. நீலத் திரை மறுபடி வரவில்லை. அப்டேட் மேனேஜரில் வேறு கர்னல் வரிசைக்கு மாறும் பக்கத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். 2015-இல் நின்றுபோன டிரைவர் எந்தப் புதிய வரிசையில் கட்ட மறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அப்படி ஒரு நாள் வைஃபை போனால், பூட் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போவதை ஒருமுறை செய்து காட்டியும் வைத்திருக்கிறேன். அட்டையையே இன்டெல்லுக்கு மாற்றலாமா என்பது பாக்கி. சில நிறுவனங்களின் பழைய மடிக்கணினிகள் தாங்கள் அங்கீகரித்த அட்டையைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. இது அந்த ரகமா என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்; கடை நாளில் கழற்ற அவருக்கு விருப்பமில்லை.

அன்று மாலை எழுதிய தாளை மடிக்கணினி மூடியின் உட்புறம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். நான் சொன்ன ஆங்கிலப் பெயர்களை அடித்துவிட்டு அவர் பாஷையில் எழுதியது: "நீலம் வந்தால் ஆஃப் பண்ணாதே. பத்து எண்ணுமுன் ஒரு பட்டன். ரெண்டாவது வரி. எட்டு நம்பர்."